பாட்டரிக் கருவிகள் நீடித்து உழைக்குமா?

சம்பா நெற்பயிர் தூர் கட்டி முடிந்து, கதிர் வெளிவரும் தறுவாயில் தூர்களின் அடியிற் புகையான் பூச்சி கண்டால், குடியானவருக்குக் கிடைக்கும் அவகாசம் சில நாட்களே. முதலில் வட்டமாகச் சில தூர்கள் மஞ்சளித்துக் காயும். கவனியாது விட்டால் அந்த வட்டம் விரிந்து வயல் முழுவதும் தீய்ந்தாற்போல் ஆகிவிடும். அத்தருணத்தில் கொட்டகையிலிருந்து எடுத்து வந்த பாட்டரித் தெளிப்பான் ஒரு முறை முனகிவிட்டு நின்றுபோமாயின், நஷ்டம் கருவியின் விலையோடு முடிவதில்லை. நாற்று, எரு, களையெடுப்பு ஆகியவற்றிற்குச் செய்த செலவு யாவும் அந்த ஒரு நாளைப் பொறுத்து நிற்கின்றன.

இக்காலத்தில் முதுகிற் சுமக்கும் தெளிப்பான், புல் வெட்டும் யந்திரம், கிளை கழிக்கும் கத்தரி, சங்கிலி ரம்பம், துளையிடும் கருவி முதலிய பலவும் பாட்டரியால் ஓடுவனவாகக் கிடைக்கின்றன. இவை சத்தம் குறைந்தவை, புகையற்றவை, கயிறு இழுத்துக் கிளப்ப வேண்டாதவை. ஆயினும், வாங்க நினைப்பவர் மனத்தில் எழும் கேள்வி ஒன்று உண்டு. பெட்ரோல் எஞ்சினைப் போலவும், மின்கம்பியில் இணைத்து ஓட்டும் கருவியைப் போலவும் இவை நீடித்து உழைக்குமா? “ஐந்து வருஷமாக ஓடுகிறது” என்பார் ஒருவர். “இரண்டு போகத்திலேயே போய்விட்டது” என்பார் அடுத்த வயற்காரர். ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய கருவிகளைப் பற்றியே இருவரும் கூறியிருக்கலாம். இருவர் சொல்லும் மெய்யாகவும் இருக்கலாம். அது எவ்வாறு என்பதை அறிந்துகொண்டால், எதை வாங்குவது, எப்படிக் காப்பது என்னும் இரண்டும் தெளிவாகும்.

ஆயுள் என்பது யாது?

எந்தக் கருவியும் பல உறுப்புக்கள் சேர்ந்ததே. அவற்றுள் எது முதலிற் கெடுகிறதோ, அதன் ஆயுளே கருவியின் ஆயுளாகும். அவ்வுறுப்பு பக்கத்துப் பட்டணத்திற் கிடைக்குமாயின் கருவிக்கு மறுபிறவி உண்டு. கிடைக்காதாயின் ஏனைய உறுப்புக்கள் புதியனபோல் இருந்தும் பயனில்லை.

பாட்டரிக் கருவியில் மோட்டார் எளிதிற் கெடுவதில்லை. கார்பன் பிரஷ் இல்லாத புதுவகை மோட்டார்களில் உராய்ந்து தேயும் இடம் பேரிங் ஒன்றே எனலாம். முதலிற் கெடுவது பாட்டரி. பெட்ரோல் எஞ்சினில் முதலிற் கெடுபவை கார்புரேட்டரும், அதற்கு அடுத்தபடி பிஸ்டன், ரிங்கு, சிலிண்டர் ஆகியனவும். மின்கம்பியால் ஓடும் கருவியில் காயிலும் பேரிங்கும். இவ்வுறுப்புக்கள் ஒவ்வொன்றும் கெடும் வழி வேறாகையால், காக்கும் வழியும் வேறாகிறது.

பழைய வழக்கம் ஒன்று

பாட்டரியை அடியோடு தீர்த்த பிறகே மறுபடி சார்ஜ் செய்ய வேண்டும் என்ற நம்பிக்கை கிராமங்களிற் பரவியிருக்கிறது. இதன் வரலாறு அறியத் தக்கது. திரும்பத் திரும்ப மின்சாரம் ஏற்றக்கூடிய ஈய-அமிலப் பாட்டரியைப் பிரான்ஸ் தேசத்தவரான காஸ்டன் பிளான்டே 1859-இல் ஆக்கினார். நிக்கல்-காட்மியம் பாட்டரியை ஸ்வீடன் தேசத்து வால்டெமார் யுங்னர் 1899-இல் கண்டார். அமெரிக்காவிற் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனியார் கம்பியில்லாத துளையிடும் கருவியை 1961-இல் வெளியிட்டபொழுது அதில் வைத்தது இந்த நிக்கல்-காட்மியம் பாட்டரியையே. இவ்வகைப் பாட்டரியை அவ்வப்பொழுது முற்றும் தீர்ப்பது நன்று என்ற வழக்கம் அக்கருவிகளோடு வளர்ந்தது. பின்னர், 1991-இல் ஜப்பானிய ஸோனி கம்பெனியார் லிதியம்-அயான் பாட்டரியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். நாளடைவில் கைக்கருவிகளில் நிக்கல்-காட்மியத்தின் இடத்தை அது பிடித்துக்கொண்டது.

இன்று நமது குடியானவர்கள் கையாளும் தெளிப்பான்களில் இருப்பவை பெரும்பாலும் ஈய-அமிலப் பாட்டரியோ லிதியம் பாட்டரியோ ஆகும். இவ்விரண்டிற்கும் முற்றும் தீர்ப்பது கெடுதலே. பழைய பாட்டரிக்கு மருந்தாக எண்ணப்பட்டது, புதியவற்றிற்கு நஞ்சாகிறது.

இரு பாட்டரிகள், இரு முறைகள்

ஈய-அமிலப் பாட்டரி காலியாகக் கிடந்தால் அதன் தகடுகளின்மேல் ஈய சல்பேட் என்னும் வெள்ளை உப்பு கெட்டிப்பட்டுப் படியும். புதிதாகப் படிந்தது சார்ஜ் செய்தால் கரையும். வாரக்கணக்கிற் கிடந்து இறுகியது கரையாது. ஆகவே இதை எப்பொழுதும் நிறைத்தே வைக்க வேண்டும். தெளித்து முடிந்த அன்றே சார்ஜ் செய்து, வேலையில்லாத மாதங்களிலும் மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றுவது அவசியம். சும்மா இருக்கும்பொழுதும் அதன் மின்சாரம் சிறிது சிறிதாகக் கசிந்து குறையும். 12 வோல்ட் பாட்டரி நிறைந்து, சில மணி நேரம் ஓய்ந்த பின் ஏறக்குறைய 12.7 வோல்ட் காட்டும்; 12.1-க்கு வந்தால் பாதி தீர்ந்தது என அறியலாம். இதை ஊரிலுள்ள மின்சார வேலைக்காரரின் மீட்டரைக் கொண்டே பார்த்துவிடலாம்.

லிதியம் பாட்டரியின் குணம் இதற்கு மாறானது. நீண்ட நாள் நிறைந்த நிலையில், அதுவும் வெப்பத்தில் இருப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். வேலையில்லாத மாதங்களில் அதைப் பாதியளவு சார்ஜில் வைப்பதே முறை. நான்கு விளக்குள்ள பாட்டரியில் இரண்டு எரிந்தாற் போதும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை பார்த்துக் குறைந்திருந்தால் மறுபடி பாதிக்கு ஏற்ற வேண்டும். முற்றும் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கிற் கிடந்தால், உள்ளிருக்கும் கலங்களின் அழுத்தம் காப்பு எல்லைக்குக் கீழே இறங்கி, சார்ஜர் அதை ஏற்க மறுத்துவிடும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்த லிதியம் பாட்டரி, வீட்டினுள் நிழலில் வைத்ததைக் காட்டிலும் விரைவில் முதுமையடையும்.

ஒன்றின் சார்ஜரை மற்றொன்றுக்குப் போடலாகாது. ஈய-அமிலச் சார்ஜரில் லிதியம் பாட்டரியைப் பொருத்தினால் அது சூடேறித் தீப்பற்றவும் கூடும். ஆகையால் வாங்கியவுடன், உள்ளிருப்பது எவ்வகைப் பாட்டரி என்பதை முத்திரையிற் பார்த்து, கருவியின்மேலும் சார்ஜரின்மேலும் எழுதி வைப்பது நலம்.

உழைப்பால் வரும் சாவும் ஓய்வால் வரும் சாவும்

“உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது” என்பது பழமொழி. கருவி வாங்குகிறவர் கணக்குப் பாராமல் இருந்தால் உழக்கும் மிஞ்சாது. கீழ்வரும் கணக்கைக் கவனிக்க.

ஏக்கருக்கு 200 லிட்டர் மருந்து நீர் தெளிப்பதாகக் கொள்வோம். 16 லிட்டர் டாங்கியால் இது 12½ டாங்கி. பம்பு நிமிஷத்திற்கு 2 லிட்டர் தள்ளுமாயின் ஓர் ஏக்கருக்கு மோட்டார் ஓடும் நேரம் 100 நிமிஷம். 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி கொண்ட ஈய-அமிலப் பாட்டரியிலிருந்து மோட்டார் 2½ ஆம்பியர் எடுத்தால், ஏட்டுக் கணக்குப்படி 3 மணிக்கு மேல் ஓட வேண்டும். ஆனால் முத்திரையிற் கண்ட அளவு, 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல எடுப்பதற்கு உரியது. விரைவாக எடுத்தால் அவ்வளவு கிடையாது. புதுப் பாட்டரியும் ஏறக்குறைய 2½ மணி நேரமே தரும். எனவே ஒரு சார்ஜுக்கு ஓர் ஏக்கர் என்பதே நிதானமான அளவு. இரண்டாவது ஏக்கரையும் அதே சார்ஜில் முடிக்க முயல்வது பாட்டரியின் ஆயுளைக் கடனாக வாங்குவதாகும்.

இனி, நான்கு ஏக்கர் நிலமுள்ள ஒருவர் போகத்திற்கு 3 முறையாக இரண்டு போகம் தெளிப்பதாகக் கொண்டால், வருஷத்திற்கு 24 சார்ஜ் ஆகும். அப்பாட்டரி 300 சார்ஜ் தாங்குவது என்றால், கணக்குப்படி 12 வருஷம் வரவேண்டும். நடைமுறையில் அவ்வாறு வருவதில்லை. சில வருஷங்களிலேயே கெட்டுவிடுகிறது. காரணம் வெளிப்படை. வருஷத்தில் 24 நாள் வேலை செய்த பாட்டரி, எஞ்சிய 341 நாள் கொட்டகையிற் கிடந்தது. அந்தக் கிடையே அதைக் கொன்றது.

கூலிக்குத் தெளிக்கும் ஒருவரின் கணக்கு வேறு. அவர் வருஷத்தில் 150 நாள், நாளொன்றுக்கு இரண்டு சார்ஜ் உபயோகித்தால், 300 சார்ஜும் ஒரே வருஷத்தில் தீர்ந்துவிடும். அவருடைய பாட்டரி உழைத்து மாண்டது. அவ்வாறு தீர்வதில் குறையொன்றும் இல்லை. அதற்குள் அது தன் விலையைச் சம்பாதித்துக் கொடுத்திருக்கும். கணக்கிற் சேர்த்து, வருஷந்தோறும் புதுப் பாட்டரிக்குப் பணம் ஒதுக்க வேண்டியதே அவர் கடமை. ஒருவருக்கு ஐந்து வருஷமும் மற்றொருவருக்கு இரண்டு போகமும் ஒரே கருவி உழைப்பதன் மர்மம் இதுவே.

லிதியம்-அயான் பாட்டரிகள் பொதுவாக 300 முதல் 500 முழுச் சார்ஜ்களுக்குப் பின் தம் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். லிதியம்-இரும்பு-பாஸ்பேட் என்னும் வகை 2,000 முறைக்கு மேலும் தாங்கவல்லது. அன்றாடம் கூலிக்கு ஓட்டுவோர் விலை அதிகமாயினும் அவ்வகையைக் கேட்டு வாங்குவது தகும். ஆண்டிற்குச் சில நாட்களே தெளிப்பவருக்கு அந்த அதிக விலை வீண்.

மின்கம்பிக் கருவிகள்

தட்டை நறுக்கும் யந்திரம், மாவரைக்கும் யந்திரம், கிணற்று மோட்டார் முதலிய ஓரிடத்தில் நின்று வேலை செய்யும் கருவிகளுக்கு மின்கம்பியை விஞ்சியது இல்லை. இவற்றிலுள்ள இண்டக்ஷன் மோட்டாரில் தேய்ந்து போகும் உறுப்பு பேரிங்கைத் தவிர வேறில்லை. காயில் எரிந்தாலும் பக்கத்துப் பட்டணத்திற் புதிதாகக் கட்டித் தருவார்கள். முறையாகக் காத்தால் தந்தை வாங்கிய மோட்டார் மகன் காலத்திலும் ஓடும்.

இதற்குப் பகை குறைந்த மின்னழுத்தம். பாரம் ஏற்ற மோட்டார் அழுத்தம் குறையக் குறைய அதிகமான ஆம்பியரை இழுத்துச் சூடேறிக் காயிலை எரித்துக்கொள்ளும். மூன்று பேஸ் மோட்டாரில் ஒரு பேஸ் விட்டுப்போனாலும் இக்கேடே நேரும். இதைத் தடுக்கும் தானியங்கித் தடுப்பானைப் பொருத்துவது மோட்டாரின் விலையோடு ஒப்பிடச் சிறு செலவே.

மற்றொரு பகை மெல்லிய நீளக் கம்பி. 1,500 வாட் கருவியை 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 50 மீட்டர் தூரம் கொண்டு சென்றால் கம்பியிலேயே ஏறக்குறைய 12 வோல்ட் இழந்துவிடும். 2½ சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் இழப்பு 5 வோல்ட்டுக்குள் அடங்கும். மாலையில் அழுத்தம் முன்னமே இறங்கியிருக்கும் கிராமங்களில் இவ்வேறுபாடு கருவியின் உயிரைக் காக்கும். துளையிடும் கருவி போன்ற சிறு கருவிகளில் கார்பன் பிரஷ் தேயும். உரிய காலத்தில் மாற்றாவிடில் உள்ளிருக்கும் செம்பு வளையத்தை அரித்துவிடும்.

நீர் நின்ற வயலிலும் ஈர வரப்பிலும் கம்பியை இழுத்து வேலை செய்வது கூடாது. இங்கே பேச வேண்டுவது கருவியின் ஆயுள் அன்று, ஆளின் ஆயுள். கொட்டகையிலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் இன்றிக் கையில் பிடிக்கும் கருவிகளை ஓட்டலாகாது.

பெட்ரோல் எஞ்சின்

பெட்ரோலின் பலம் அதிற் செறிந்துள்ள சக்தி. ஒரு லிட்டரில் ஏறக்குறைய 9 யூனிட் வெப்ப சக்தி அடங்கியுள்ளது. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணிப் பாட்டரி ஒன்றில் உள்ளது 90 வாட்-மணி. அதாவது ஒரு யூனிட்டில் பதினொன்றில் ஒரு பங்கு. சிறு எஞ்சின் அவ்வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றினாலும், ஒரு லிட்டர் பெட்ரோல் அத்தகைய பாட்டரிகள் 20-க்கு ஈடாகும். கருவேலங்காட்டை அழிப்பது, பெருமரம் அறுப்பது, நாள் முழுவதும் புல் வெட்டுவது ஆகிய வேலைகளில் பெட்ரோல் எஞ்சினின் இடத்தைப் பாட்டரி இன்னும் பிடிக்கவில்லை என்பதற்குக் காரணம் இதுவே.

ஆனால் எஞ்சினும் ஓய்விற் கெடுவதே. நம் நாட்டில் இப்பொழுது விற்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நாள்பட்டால் நீரோடு பிரிந்து அடியில் தங்கும். பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளை அடைக்கும். ரப்பர்ச் சவ்வுகளையும் கெடுக்கும். ஒரு மாதத்திற்கு மேல் வேலை இல்லையென்றால் டாங்கியைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு வைக்க வேண்டும்.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் கலவாத பெட்ரோல் ஊற்றினால், சில நிமிஷங்களிலேயே பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொள்ளும். கலவை விகிதம் யந்திரத்திற்கு யந்திரம் வேறுபடும். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி லிட்டரும், 50-க்கு 1 என்றால் 20 மில்லி லிட்டரும் எண்ணெய் சேர்க்க வேண்டும். கண்ணளவாக ஊற்றுவது தகாது. காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யாவிடில் புழுதி உட்சென்று ரிங்கைத் தேய்க்கும். இவற்றைக் கவனிப்பவருடைய எஞ்சின் பல வருஷம் உழைக்கும். கெட்டாலும் பிஸ்டனும் ரிங்கும் மாற்றிப் புதுப்பிக்கலாம்.

யாருக்கு எது?

மேற்கூறியவற்றால் தெரிவது யாதெனில், வாங்குமுன் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே. வருஷத்தில் எத்தனை நாள் வேலை? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இடைவிடாத வேலை? முதலிற் கெடும் உறுப்பு எங்கே கிடைக்கும்?

ஓரிடத்தில் நின்று செய்யும் வேலைக்கு மின்கம்பி. நாள் முழுவதும் நீடிக்கும் கடின வேலைக்குப் பெட்ரோல். வயலுக்குள் நடந்து செய்யும் இலேசான, விட்டுவிட்டு வரும் வேலைக்குப் பாட்டரி. இரண்டொரு ஏக்கரே உள்ளவர் தம் பழைய கைத்தெளிப்பானை விற்றுவிட வேண்டாம். பாட்டரி நின்ற நாளில் அது பயிரைக் காக்கும்.

மூன்றாவது கேள்வியே பெரும்பாலோர் மறப்பது. 12 வோல்ட் ஈய-அமிலப் பாட்டரி பொது அளவுடையது. சிறு பட்டணங்களிலும் பல கம்பெனிகளின் சரக்காகக் கிடைக்கும். கைக்கருவிகளின் லிதியம் பாட்டரியோ ஒரு கம்பெனியாருடையது மற்றொரு கம்பெனியாரின் கருவியிற் பொருந்துவதில்லை. கம்பெனியார் அம்மாதிரியை நிறுத்திவிட்டால் குறையற்ற மோட்டாரும் பழைய இரும்பாகிவிடும். ஆகையால் புதுக் கருவி வாங்கும்பொழுதே தனிப் பாட்டரியின் விலையைக் கேட்டு, அது உடனே கிடைக்குமா என்பதையும் நேரிற் பார்த்து, அவ்விலையைக் கருவியின் விலையோடு கூட்டியே மலிவா அன்றா என்பதைத் தீர்மானிக்க வேண்டும்.

எவ்வகைத் தெளிப்பானாயினும், மருந்து தெளித்து முடிந்தவுடன் நல்ல நீர் ஊற்றிச் சில நிமிஷம் ஓட்டிக் கழுவுவது இன்றியமையாதது. எஞ்சி நிற்கும் மருந்து பம்பின் ரப்பர்ச் சவ்வையும் வால்வையும் அரித்துவிடும். அதன் பழியும் பாட்டரியின் தலையில் விழுகிறது.

கிராமப் பொதுக் கருவிகள்

மத்திய அரசாங்கத்தார் 2014-15-இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் மூலம் வாடகைக் கருவி நிலையங்கள் அமைக்க உதவி அளிக்கப்பட்டது. இத்தகைய பொதுக் கருவிகளை மேற்பார்க்கும் கிராம அதிகாரிகளும் சங்கத்தாரும் ஒன்றைக் கருத வேண்டும். எல்லாருக்கும் பொதுவான பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கடமை ஒருவருக்கும் உரியதாகாமற் போனால், அது ஒரே போகத்திற் கெடும். பெயர் குறித்து ஒருவரை அதற்குப் பொறுப்பாக்கி, பாட்டரி வாங்கிய தேதி, சார்ஜ் ஏற்றிய தேதி, வாடகைக்குச் சென்ற நாள் ஆகியவற்றை ஒரு புத்தகத்தில் எழுதிவரச் செய்ய வேண்டும். கருவிகள் யாவும் ஒரே வகைப் பாட்டரியை ஏற்பனவாக வாங்கினால், ஒன்று பழுதானாலும் மற்றொன்று உதவும்.

கெட்ட பாட்டரியை வாய்க்காலில் எறிவதோ எரிப்பதோ கூடாது. ஈயமும் அமிலமும் கிணற்று நீரையும் கால்நடைகளையும் கெடுக்கும். 2022-ஆம் வருஷத்துப் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சேர்ந்தது. ஆதலின் புதியது வாங்கும் கடையிலேயே பழையதை ஒப்படைக்கலாம்.

வருகிற பட்டத்திற்கு நாற்று விடுவதற்கு முன்பே, ஒரு நாள் காலையில் தெளிப்பானை வெளியே எடுத்து, ஒரு டாங்கி நல்ல நீரை முழுவதும் தெளித்துப் பார்க்க வேண்டும். நின்றுபோமாயின் அன்றைக்கு நஷ்டம் ஒரு டாங்கி நீரே. பாட்டரி வாங்கவும் பழுது பார்க்கவும் நாள் இருக்கும். புகையான் கண்ட பின் நின்றுபோனால் அந்த நாட்கள் கிடையா. இச்சிறு சோதனையைப் போகந்தோறும் தவறாது செய்துவருவோர், வேண்டும் பொழுதிற் கருவி ஓடக் கண்டு மன அமைதியோடு பயிரைக் காத்துக்கொள்வார்கள் என்பதில் ஐயமில்லை.